பழைய பி.எச்.பி.யிலிருந்து மாறப்போய்ப் பதினொரு நாள் மூடிக்கிடந்த எங்கள் இணையக் கடை

கும்பகோணத்தில் நானும் என் கணவரும் ஒரு சிறிய பதிப்பகமும் புத்தகக் கடையும் நடத்துகிறோம். கடைக்கு நேரில் வருபவர்களைவிட இணையதளத்தில் வாங்குபவர்கள்தான் எங்களுக்குச் சோறு போடுகிறார்கள். அந்தத் தளத்தை 2010-இல் எங்கள் தெருவில் இருந்த ஒரு பொறியியல் கல்லூரி மாணவர் பி.எச்.பி. என்ற நிரல்மொழியில் எழுதிக்கொடுத்தார். படிப்பு முடிந்ததும் அவர் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார். தளம் மட்டும் எட்டு ஆண்டுகள் யாரும் தொடாமலே ஓடிக்கொண்டிருந்தது. ஹோஸ்டிங்குக்கு, அதாவது தளத்தை வைத்திருக்கும் சர்வர் இடத்துக்கு, ஆண்டுக்கு 2,400 ரூபாய் கட்டுவோம். அதற்குமேல் அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

2018 அக்டோபரில் எங்களுக்கு ஆன்லைன் கட்டணம் வசூலித்துத் தரும் நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பழைய இணைப்பு முறை டிசம்பர் 31-உடன் நிறுத்தப்படும், புதிய முறைக்குக் குறைந்தது பி.எச்.பி. 5.6 வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார்கள். கன்ட்ரோல் பேனலைத் திறந்து பார்த்தேன். எங்கள் பதிப்பு 5.3.3 என்று இருந்தது. தேடிப் பார்த்தபோது வயிறு கலங்கியது. 5.3 வரிசை 2009-இல் வந்தது. அந்த மொழியை உருவாக்குபவர்களே 2014 ஆகஸ்டில் அதைக் கைவிட்டுவிட்டார்கள். வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் நான்கு ஆண்டுகளாக நாதியற்றுக் கிடந்த ஒரு மென்பொருளின் மேல் உட்கார்ந்திருக்கின்றன என்று நினைத்தபோது கோபம் தலைக்கேறியது. ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். மூன்றுக்கும் ஒரே பதில்: "தற்போதைக்குப் பதிப்பை மாற்றும் திட்டம் இல்லை." காசு வாங்கிக்கொண்டு சோம்பேறித்தனம் செய்கிறார்கள் என்றே முடிவுகட்டினேன். அந்த முடிவு தவறு என்று எனக்குப் புரிவதற்குள் எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல் போய்விட்டது.

பி.எச்.பி. 7.2 தரும் வேறொரு நிறுவனத்தில் ஆண்டுக்கு 5,900 ரூபாய் கட்டி இடம் வாங்கினேன். தளத்தை மாற்றித்தர ஒரு நிரலாளரை 18,000 ரூபாய்க்குப் பேசினேன். "பதிப்பு எண் மாறுகிறது, அவ்வளவுதான், ஒரே நாள் வேலை அக்கா" என்றார். நம்பினேன். டிசம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாவற்றையும் பேக்கப் எடுத்து, டொமைனை, அதாவது தளத்தின் இணைய முகவரியை, புதிய இடத்துக்குத் திருப்பிவிட்டோம். அன்றைக்கே பழைய கணக்கை மூடச் சொல்லிக் கடிதமும் அனுப்பினேன். கோபத்தில் செய்த காரியம் அது. இதைப் படிப்பவர்களில் யாராவது ஒருவராவது புதிய தளம் முழுதாக ஒரு மாதம் ஓடும்வரை பழைய இடத்துக்குச் சந்தா கட்டிக்கொண்டே இருந்தால், நான் இதை எழுதியதற்குப் பலன் கிடைத்துவிடும். பழைய கணக்கு இருந்திருந்தால், டொமைனைத் திருப்பிவிட்டு அன்று இரவே கடையைத் திறந்திருக்கலாம். திங்கட்கிழமை கேட்டபோது கணக்கு அழிக்கப்பட்டிருந்தது.

முதலில் வந்தது 500 என்ற எண்ணோடு ஒரு பிழைப் பக்கம். எங்கள் கோப்புறையில் இருந்த எச்.டி.அக்சஸ் என்ற அமைப்புக் கோப்பில், பி.எச்.பி.க்கான சில கட்டளைகள் பழைய சர்வரின் முறைப்படி எழுதப்பட்டிருந்தன. புதிய சர்வரில் பி.எச்.பி. வேறு விதமாக ஓடுவதால் அந்த வரிகள் புரியாமல் சர்வர் நின்றுவிட்டது. நிரலாளர் அந்த வரிகளை நீக்கினார். ஆனால் அதே கோப்பில் இன்னொரு வரியை விட்டுவிட்டார். இந்தக் கோப்புகளை இன்ன பதிப்பு பி.எச்.பி.யிடம் கொடு என்று சொல்லும் வரி அது. அப்படியொரு பதிப்பே புதிய சர்வரில் இல்லை. அதனால் சர்வர் எங்கள் நிரலை இயக்காமல், எழுத்து எழுத்தாகப் பார்வையாளர் முன் கொட்டியது. புத்தகம், வாடிக்கையாளர் விவரங்களைச் சேமித்துவைக்கும் டேட்டாபேஸின் கடவுச்சொல் உட்பட எல்லாம் தெரிந்தது. இருபது நிமிடம் அப்படி இருந்தது. உடனே கடவுச்சொல்லை மாற்றினோம். அந்த இருபது நிமிடத்தில் யார் பார்த்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தளத்தை இடம் மாற்றுகிறவர்கள் அந்த ஒரு கோப்பை அப்படியே நகலெடுக்கக் கூடாது. வெற்றுக் கோப்பில் தொடங்கி, ஒவ்வொரு வரியும் எதற்கு என்று கேட்டுக் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

அதன்பின் வெள்ளைத் திரை. எங்கள் தளம் டேட்டாபேஸோடு பேசப் பயன்படுத்திய மைஎஸ்கியூஎல் கட்டளைகள் முழுவதையும் 2015 டிசம்பரில் வந்த 7.0 பதிப்பிலேயே நீக்கிவிட்டார்கள். நீக்கப்போகிறோம் என்ற எச்சரிக்கை 2013-இல் வந்த 5.5-இலிருந்தே வந்துகொண்டிருந்ததாம். 5.3-இல் இருந்த எங்களுக்கு அந்த எச்சரிக்கை எப்படி வரும்? நெடுநாள் ஒரே படியில் நின்றால், நடுவில் உள்ள படிகளில் எழுதிவைத்த எச்சரிக்கைகள் ஒன்றுகூடக் கண்ணில் படாது. 5.3-இலிருந்து நேராக 7.2-க்குத் தாவாமல், முதலில் 5.6-இல் தளத்தை ஓடவிட்டுப் பிழைப் பதிவேட்டைப் படித்திருந்தால் பாதித் தொல்லை முன்பே பட்டியலாகக் கிடைத்திருக்கும்.

நிரலாளர் இரவு பகலாக உட்கார்ந்து அந்தக் கட்டளைகளை மாற்றினார். செவ்வாய்க்கிழமை தளம் எழுந்தது. ஆனால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. புத்தகத் தலைப்புகள் எல்லாம் கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளின் குப்பையாக இருந்தன. எட்டு ஆண்டுகளில் என் கையால் தட்டச்சு செய்த அறுநூறு புத்தகங்களின் விவரம். அதைப் பார்த்து அழுதுவிட்டேன். காரணத்தைப் பிறகு புரிந்துகொண்டேன். 2010-இல் டேட்டாபேஸை அமைத்தபோது, அதில் என்ன மொழி எழுத்து வரும் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் அது மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று எடுத்துக்கொண்டது. நாங்கள் யூனிகோடு தமிழைப் போட்டோம். அது தமிழ் என்று தெரியாமலே வாங்கி வைத்துக்கொண்டு, கேட்டபோது அப்படியே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. இரண்டு தவறுகள் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டு எட்டு ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. புதிய இணைப்பை நிரலாளர் யூனிகோடு என்று அறிவித்தார். அதுதான் சரியான முறையும்கூட. ஆனால் ஒரு தவறை மட்டும் திருத்தியதும் மற்றத் தவறு வெளியே வந்துவிட்டது. தமிழ் எழுத்து இப்படிக் குப்பையாகத் தெரிந்தால் பதறாதீர்கள். பெரும்பாலும் தரவு பத்திரமாகவே இருக்கும். அந்தப் பதற்றத்தில் எதையும் திருத்திச் சேமித்துவிடக் கூடாது. நான் நல்லவேளையாக எதையும் தொடவில்லை.

இணைப்பைப் பழைய முறைக்கே மாற்றியதும் தமிழ் திரும்பி வந்தது. அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. சில புத்தகங்களின் அறிமுகக் குறிப்பு முழுவதுமாகக் காணாமல் போயிருந்தது. எல்லாப் புத்தகங்களுக்கும் இல்லை, எழுபத்தொன்றுக்கு மட்டும். எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. வெற்றிடம் மட்டும். இதைக் கண்டுபிடிக்கத்தான் இரண்டாவது நிரலாளரை 27,000 ரூபாய்க்கு அழைக்க வேண்டியிருந்தது. அவர் நாகர்கோவில்காரர், பொறுமையான மனிதர். அவர் விளக்கியது இது: குறிப்புக்கு 255 எழுத்து இடம் ஒதுக்கியிருந்தார்கள். யூனிகோடில் ஒரு தமிழ் எழுத்துக்கு மூன்று பைட் (கணினிச் சேமிப்பின் சிறு அலகு) வேண்டும். 'பு' போன்ற உயிர்மெய்க்கு ஆறு. ஐரோப்பிய எழுத்து என்று நினைத்திருந்த டேட்டாபேஸ் ஒவ்வொரு பைட்டையும் ஓர் எழுத்தாக எண்ணி, 255 ஆனதும் வெட்டிவிட்டது. வெட்டு சில இடங்களில் எழுத்தின் நடுவில் விழுந்திருக்கிறது. பக்கத்தில் குறிப்பைக் காட்டும் முன் அதைப் பாதுகாப்பாக மாற்றித்தரும் எச்.டி.எம்.எல். ஸ்பெஷல் கேரக்டர்ஸ் என்றொரு கட்டளை உண்டு. 5.3 வரை அது எழுத்து எப்படி இருந்தாலும் அனுப்பிவிடும். 5.4-இலிருந்து உள்ளே வருவது யூனிகோடு என்றே அது எடுத்துக்கொள்கிறது. நடுவில் ஒடிந்த ஓர் எழுத்து இருந்தாலும் முழு வாசகத்தையும் விழுங்கிவிட்டு வெற்றிடத்தைத் திருப்பிக் கொடுக்கும். பழைய தளத்தில் சில குறிப்புகளின் முடிவில் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி தெரியும். ஆண்டுக்கணக்காக அதைப் பார்த்துவிட்டுக் கடந்து போயிருக்கிறேன். அது ஒடிந்த எழுத்தின் அடையாளம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உங்கள் தளத்தில் அப்படி ஏதாவது தெரிந்தால், மாற்றத்துக்கு முன்பே அதைச் சரிசெய்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று, எல்லாவற்றையும்விட ஆபத்தானது, ஓசையே இல்லாமல் நடந்தது. பழைய பி.எச்.பி.யில் மேஜிக் கோட்ஸ் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. படிவத்தில் யாராவது மேற்கோள் குறி போட்டால், அது டேட்டாபேஸ் கட்டளையோடு கலந்துவிடாதபடி முன்னால் ஒரு சாய்கோட்டைத் தானாகவே சேர்த்துவிடும். எங்கள் தளத்தின் பாதுகாப்பு முழுவதும் அதை நம்பியே இருந்தது. 2012-இல் வந்த 5.4-இல் அதை எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரிதான், அது அரைகுறைப் பாதுகாப்பு. ஆனால் எங்கள் தளம் புதிய பதிப்பில் கதவு திறந்த வீடாக நின்றது. முகவரியில் மேற்கோள் குறி போட்ட ஒரு சென்னை வாசகரின் ஆர்டர் தோல்வியடைந்து, அவர் தொலைபேசியில் சொன்ன பிறகுதான் இதைக் கண்டோம். பாதுகாப்புக்காகவே புதிய பதிப்புக்கு வந்தவள் நான். வந்த சில நாட்கள் பழையதைவிட மோசமான நிலையில் இருந்திருக்கிறேன். மாறிய பிறகு தளம் திறக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. மேற்கோள் குறி, தமிழ், நீளமான முகவரி, காலியான கட்டம் என்று எல்லாவற்றையும் போட்டு ஆர்டர் செய்து பார்க்க வேண்டும்.

ஜனவரி 2 அன்று மாலை கடை திரும்பத் திறந்தது. பதினொரு நாட்கள். எங்கள் தொழிலில் அந்தப் பதினொரு நாட்கள் எப்படிப்பட்டவை என்று புத்தகம் வாங்குகிறவர்களுக்குத் தெரியும். புத்தாண்டுத் தள்ளுபடி, ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்கு வரும் புதிய நூல்களின் முன்பதிவு எல்லாம் அந்த நாட்களில்தான். முந்தைய ஆண்டு அதே நாட்களில் 64,000 ரூபாய்க்கு விற்றிருந்தோம். அதில் எங்களுக்கு நிற்கும் லாபம் ஏறக்குறைய இருபதாயிரம். மின்னஞ்சலும் பழைய இடத்தோடு சேர்ந்திருந்ததை யாரும் யோசிக்காததால் இரண்டு நாள் கடிதங்கள் வராமலே போயின. நிரலாளர்களுக்கு 45,000, புதிய இடத்துக்கு 5,900, இழந்த லாபம் எல்லாம் கூட்டினால் எங்களைப் போன்ற ஒரு பதிப்பகம் ஒரு புதிய நூலை அச்சிடும் செலவு. அந்த ஆண்டு ஒரு கவிதைத் தொகுப்பைத் தள்ளிப்போட்டோம். அந்தக் கவிஞரிடம் அதைச் சொன்ன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இடையில் பழைய நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசி, அழித்த கணக்கை எப்படியாவது மீட்டுத்தரக் கெஞ்சினேன். மீட்க முடியவில்லை. ஆனால் மறுமுனையில் இருந்த பொறியாளர் நான் திட்டியதையெல்லாம் கேட்டுவிட்டு, அரை மணிநேரம் நிதானமாகப் பேசினார். "உங்கள் தளம் இருந்த சர்வரில் நானூற்றுக்கும் மேற்பட்ட கணக்குகள் இருக்கின்றன மேடம். எல்லாவற்றுக்கும் ஒரே பி.எச்.பி., அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளுக்குள்ளேயே ஓடுகிறது. நீங்கள் கேட்டபடி நான் ஒரே இரவில் பதிப்பை மாற்றியிருந்தால், இப்போது உங்களுக்கு நடந்ததுதான் அவர்களில் பெரும்பாலோருக்கும் நடந்திருக்கும். முன்னறிவிப்பே இல்லாமல் உங்களுக்கும்தான்" என்றார். எனக்குப் பதில் பேச முடியவில்லை. நான் சபித்த தாமதத்தால்தான் எங்கள் பழைய நிரல் அத்தனை ஆண்டுகள் விழாமல் நின்றிருக்கிறது.

அவர் சொன்னதையும் பிறகு நானாகப் படித்ததையும் சேர்த்தால் இப்படி வருகிறது. அந்தப் பழைய நிறுவனம் பி.எச்.பி.யைத் தனியாக எடுத்து வைக்கவில்லை, சர்வரின் இயங்குதளத்தோடு வந்ததை வைத்தது. எங்கள் சர்வரில் இருந்தது சென்ட்ஓஎஸ் 6, ரெட் ஹேட் நிறுவனத்தின் இயங்குதளத்தை ஒட்டி இலவசமாகக் கிடைத்த இயங்குதளம். அதனோடு வந்தது 5.3.3. சென்ட்ஓஎஸ் 7-இல் வந்தது 5.4.16. ரெட் ஹேட் நிறுவனம் தன் இயங்குதளத்தை ஏறக்குறைய பத்தாண்டு காக்கிறது. அதுவரை பதிப்பு எண்ணை மாற்றாமல், முக்கியமான பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பிலேயே ஒட்டித்தருகிறது. அதே திருத்தங்கள் அன்று சென்ட்ஓஎஸ்ஸுக்கும் வந்துசேர்ந்தன. ஆகவே 5.3.3 என்ற எண்ணைப் பார்த்து நான் நினைத்த அளவுக்கு அது நாதியற்றுக் கிடக்கவில்லை. மறுபக்கம், பி.எச்.பி.யின் ஒவ்வொரு பதிப்புக்கும் அன்று இருந்த ஆயுள் மூன்றே ஆண்டு: இரண்டு ஆண்டு முழுப் பராமரிப்பு, ஓராண்டு பாதுகாப்புத் திருத்தம். பத்தாண்டுக்கு ஒருமுறை மாறும் இயங்குதளமும் மூன்றாண்டுக்கு ஒருமுறை மாறும் மொழியும் ஒரே வண்டியில் பூட்டப்பட்டிருக்கின்றன. வண்டி மெதுவான மாட்டின் வேகத்தில்தான் போகும்.

கூட இன்னொரு முடிச்சும் உண்டு. சில வணிக மென்பொருள்கள் அயன்கியூப் என்ற பூட்டுப் போட்டு விற்கப்படுகின்றன. அந்தப் பூட்டைத் திறக்கும் துணைக்கருவி ஒவ்வொரு பி.எச்.பி. பதிப்புக்கும் தனித்தனியாக வர வேண்டும். அது வராதவரை அப்படிப்பட்ட மென்பொருள் வைத்திருக்கும் வாடிக்கையாளரால் நகரவே முடியாது. பி.எச்.பி. 8.0-க்கு அந்தக் கருவி வரவே இல்லை, நேராக 8.1-க்குத்தான் வந்தது. இதற்குமேல் கணக்கு வேறு. ஆண்டுக்கு 2,400 ரூபாய் தரும் ஒருவர் தளம் உடைந்து நான்கு முறை அழைத்தால், அந்த ஆண்டுக்கு அவரிடம் கிடைக்கும் லாபம் முடிந்துவிட்டது. மாற்றாமல் இருப்பதால் குறை சொல்கிறவர் என்னைப் போல் ஒருவர் இருவர். மாற்றினால் நூறு பேர்.

இது புதிய கதையும் இல்லை. பி.எச்.பி. 5 வந்தது 2004 ஜூலையில். மூன்று ஆண்டு கழித்தும் பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் 4-ஐ விடவில்லை. ஹோஸ்டிங்கில் இல்லை என்பதால் மென்பொருள் எழுதுகிறவர்கள் 5-இன் வசதிகளைப் பயன்படுத்தவில்லை. மென்பொருள் கேட்கவில்லை என்பதால் ஹோஸ்டிங் நிறுவனங்கள் மாறவில்லை. அந்த முடிச்சை அவிழ்க்க, 2007-இல் டுருப்பல், டைப்போ3, பி.எச்.பி.மைஅட்மின் போன்ற மென்பொருள் திட்டங்கள் ஒன்றுசேர்ந்து, 2008 பிப்ரவரி 5-க்குப் பிறகு வெளியிடும் தங்கள் புதிய பதிப்புகளுக்கு பி.எச்.பி. 5.2 கட்டாயம் என்று அறிவித்தன. அதே 2007 முடிவோடு 4-ஐ நிறுத்துவதாக மொழிக்காரர்களும் சொல்லிவிட்டார்கள். எல்லோரும் சேர்ந்து ஒரு நாளைக் குறித்தால்தான் இது நகரும் போலிருக்கிறது. இணையதளம் அமைக்கப் பலரும் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருள் 2019 மே மாதம்வரை பி.எச்.பி. 5.2-இலேயே ஓடிக்கொடுத்தது. அதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எங்களைப் போன்ற சிறு கடைகளை வெளியே தள்ளாமல் வைத்திருந்தார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

இப்போது ஹோஸ்டிங் வாங்குமுன் நான் கேட்கும் கேள்விகள் வேறு. புதிய பதிப்பு இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்துவதில்லை. பல பதிப்புகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றனவா, ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாக நானே மாற்றிக்கொள்ள முடியுமா, தவறினால் ஒரே சொடுக்கில் பழையதற்குத் திரும்ப முடியுமா என்று கேட்கிறேன். பழைய பதிப்பை எடுக்குமுன் எத்தனை நாள் முன்னறிவிப்பு தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குகிறேன். பழைய பதிப்பைத் தொடர்ந்து வைத்திருக்கத் தனிக் கட்டணம் வாங்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. அவசரத்துக்கு ஆறு மாதம் அந்தக் கட்டணத்தைக் கட்டுவது எனக்கு நேர்ந்ததைவிட எவ்வளவோ மலிவு. இரவில் தானாக ஓடும் வேலைகள் எந்தப் பதிப்பில் ஓடுகின்றன என்றும் தனியாகக் கேளுங்கள். தளம் ஒரு பதிப்பிலும் அவை வேறு பதிப்பிலும் ஓடுவது சாதாரணமாக நடக்கிறது. எங்கள் இருப்புக் கணக்கு ஒரு மாதம் அப்படித்தான் தப்பாகக் காட்டியது.

2022-இல் இதே புதிய நிறுவனம் 7.2-ஐ எடுக்கப்போவதாக அறுபது நாள் முன்னறிவிப்பு அனுப்பியது. நாகர்கோவில் தம்பியை அழைத்தேன். தளத்தின் நகலை ஒரு துணை டொமைனில் வைத்து, 8.1-இல் ஓடவிட்டு, பிழைப் பதிவேட்டை மூன்று வாரம் படித்தோம். முழு நிரலையும் அலசிப் பொருந்தாத இடங்களைச் சொல்லும் பி.எச்.பி. கம்பேட்டிபிலிட்டி என்ற இலவசக் கருவியை அவர் ஓட்டினார். நாற்பது இடங்கள் வந்தன. கருவி சொல்லாத ஒன்றை நாங்களே பிடித்தோம். எடை குறிக்காத புத்தகங்களுக்கு அரைக் கிலோ என்று வைத்துக்கொள்ளும் ஒரு வரி இருந்தது. 7-இல் காலியான கட்டமும் பூஜ்யமும் சமம், 8-இல் சமம் இல்லை. அதனால் அந்த வரி வேலை செய்யவில்லை, தபால் செலவு தப்பாக வந்தது. நகல் தளத்தில் ஆர்டர் போட்டுப் பார்த்ததால் பணம் போகாமல் தப்பினோம். செலவு 9,000 ரூபாய். ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு மாற்றினோம், இருபது நிமிடம் ஆனது. எது எப்படியானாலும் நவம்பர் முதல் ஜனவரி வரை தளத்தில் கைவைப்பதில்லை என்று வீட்டில் முடிவுசெய்துவிட்டோம்.

டேட்டாபேஸையும் அந்தத் தம்பி அப்போதே முறையாக யூனிகோடுக்கு மாற்றிக்கொடுத்தார். ஆனால் 255-இல் வெட்டுப்பட்ட எழுபத்தொரு குறிப்புகளின் மீதி வாசகத்தை எந்தத் தொழில்நுட்பத்தாலும் மீட்க முடியாது. அது டேட்டாபேஸுக்குள் போகவே இல்லை. அச்சுப் பிரதியின் பின்னட்டையைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திரும்பத் தட்டச்சு செய்து வருகிறேன். இன்னும் பதினான்கு பாக்கி. அவற்றில் ஆறு நூல்களின் பிரதி எங்களிடமே இல்லை. ஆசிரியர்களின் குடும்பத்தாருக்கு எழுதியிருக்கிறேன்.